எண்ணெய் வேறே, தண்ணி வேறே!

என் அக்கா மகன் ஒருத்தன் இருக்கிறான். வயது இருபத்தைந்து. கிண்டிப் பக்கம் ஏ.ஸி. ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை. கை நிறையச் சம்பளம், முகம் நிறையப் பரு.

பெண் வீட்டுக்குக் கொடுக்க ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளடா என்றால், "அடுத்த மாசம் பார்க்கலாம் மாமா" என்பான். அந்த அடுத்த மாசம் எட்டு தடவை வந்து போய்விட்டது. ஆபீஸ் மீட்டிங்கில் ட்யூப்லைட் நேராக விழாத நாற்காலியாகத் தேடிப் பிடிப்பானாம். எனக்குக் கேலி பண்ணத்தான் தோன்றியது. ஒரு நாள் அக்கா போனில், "கல்யாணம் காட்சிக்கே வரமாட்டேங்கறான்டா. எவன் பார்த்தாலும் எடுத்த எடுப்பிலேயே 'என்னப்பா மூஞ்சி இப்படி?'ன்னுதான் ஆரம்பிக்கறான்" என்றாள். அதோடு கேலியை நிறுத்திக்கொண்டேன்.

பையன் சும்மாயிருக்கவில்லை. நாளைக்கு ஏழு தடவை சோப்புப் போட்டு முகம் கழுவினான். துடைத்ததும் முகம் மொட்டை மாடியில் காயப் போட்ட அப்பளம் மாதிரி இழுக்கும். சிரித்தால் கன்னம் எரியும். ஆனால் பதினோரு மணி டீ வருவதற்குள் மூக்கு நுனியில் மறுபடி எண்ணெய் ஆஜர்!

அடுத்து, மருந்துக் கடையில் ஒரு ட்யூப் வாங்கினான். சீட்டு கிடையாது, டாக்டர் கிடையாது. "எல்லாரும் இதைத்தான் வாங்கறாங்க ஸார்" என்ற சிபாரிசு மட்டும். இரண்டே வாரத்தில் முகம் பளபளவென்று ஆகிவிட்டது. அக்கா திருஷ்டி கழித்தாள். பூசுவதை விட்டதும் வந்தது வினை. பழைய பருக்கள் சொந்தபந்தங்களையும் அழைத்துக்கொண்டு திரும்பி வந்தன. வெயிலில் நின்றால் முகமெல்லாம் சிவப்பு, எரிச்சல். அப்போதுதான் என்னிடம் வந்தான். தோல் டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

டாக்டரம்மா முதலில் ட்யூபைத்தான் கேட்டார். பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். உள்ளே ஸ்டீராய்டு! பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசால் என்று ட்யூபில் பெயர் இருந்தால் அதுதான். எக்ஸிமா மாதிரி வியாதிகளுக்கு, டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை அருமையான மருந்து. அழகு க்ரீமாக மாசக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், பரு பெருகும், நிறுத்தினால் முகம் பழி வாங்கும். 2018-ல் மத்திய அரசு இப்படிப்பட்ட களிம்புகள் சிலவற்றை டாக்டர் சீட்டோடுதான் விற்க வேண்டும் என்ற அட்டவணைக்குள் கொண்டு வந்தது. அட்டவணை டெல்லியில் இருக்கிறது. ட்யூப் தெருமுனையில் இருக்கிறது.

"சோப்பு எத்தனை தடவை?"

"ஏழு, மேடம்."

"வீட்டுப் பாத்திரத்தையே ரெண்டு தடவைதாம்ப்பா தேய்ப்போம்!"

அப்புறம் மருந்துகள் எழுதினார். கடைசியில் 'மாய்ஸ்சரைஸர்' என்று ஒரு வரி. நான் திடுக்கிட்டு, "மேடம், இவன் மூஞ்சில ஏற்கெனவே பஜ்ஜி பொரிக்கலாம். இன்னும் க்ரீமா?" என்றேன்.

"எண்ணெய் வேறே, தண்ணி வேறே ஸார்" என்றார் பொறுமையாக.

அவர் விளக்கியதன் சுருக்கம் இது. முகத்தில் வழிகிற எண்ணெய் தோலுக்கு அடியிலுள்ள சுரப்பிகளிலிருந்து வருகிறது. ஹார்மோன்தான் அவற்றுக்கு ஆபீஸர். மேலே நாம் எத்தனை தடவை துடைத்தாலும் கீழே உற்பத்தி பாட்டுக்கு நடக்கும். ஆனால் தோலின் மேலடுக்கு இருக்கிறதே, அது செங்கல் சுவர் மாதிரி. செத்த செல்கள் செங்கல். நடுவே கொழுப்புப் பூச்சு. உள்ளே இருக்கும் தண்ணீரைக் காப்பது அந்தப் பூச்சுதான். தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது, பி.ஹெச். சுமார் 5. குளியல் சோப்பு 9, 10 என்று காரம். ஏழு தடவை தேய்த்தால் பூச்சு உதிர்ந்து தண்ணீர் ஆவியாகிவிடும். ஏ.ஸி. வேறே மிச்சத்தை உறிஞ்சும். ஆக, மேலே எண்ணெய், உள்ளே வறட்சி. போதாததற்குப் பரு மருந்துகளான பென்ஸாயில் பெராக்ஸைடும் அடாபலீனும் இன்னும் உலர்த்தும். எரிகிறது என்று பத்தாம் நாள் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள், பரு ஜெயித்துவிடுகிறது. மருந்தைத் தாங்கிக்கொள்ளத்தான் மாய்ஸ்சரைஸர். அதுவே பருவைப் போக்கிவிடாது.

கடைக்குப் போனோம். அலமாரி முழுக்க டப்பா. ஒன்றில் 'நான்-காமெடோஜெனிக்' என்று போட்டிருந்தது. காமெடி இல்லாதது போலிருக்கிறது, நமக்கெதற்கு என்று வைக்கப் போனேன். பையன் தடுத்தான். காமெடோன் என்றால் அடைத்துப்போன மயிர்க்கால் துவாரம். அடைக்காத சரக்கு என்று அர்த்தம்.

இந்த வார்த்தைக்குப் பின்னால் முயல்கள் இருக்கின்றன. ஃபிலடெல்ஃபியாவில் க்ளிக்மன், மில்ஸ் என்ற இரண்டு பேர் அழகு சாதனங்களை முயல் காதுக்குள் தடவி, எது துவாரத்தை அடைக்கிறது என்று பார்த்து 1972-ல் எழுதினார்கள். முயலின் காது நம் முகத்தைவிட ரோஷக்காரக் காது. அங்கே அடைத்ததெல்லாம் இங்கே அடைக்கும் என்றில்லை. அதோடு, அந்தச் சொல்லை டப்பாவில் போட இன்ன பரீட்சை பாஸாக வேண்டும் என்று சட்டமும் இல்லை. அதனால் சொல்லைப் பார்த்துவிட்டு டப்பாவைத் திருப்ப வேண்டும். பின்னால், எறும்பு படிக்கிற எழுத்தில், சேர்மானப் பட்டியல் இருக்கும். அதிகம் இருப்பது முதலில் வரும். தண்ணீர், கிளிசரின் என்று ஆரம்பித்தால் நல்ல சகுனம். ஹயலூரானிக் ஆஸிட், நியாஸினமைடு, செராமைடு இருந்தால் சந்தோஷம். டைமெத்திகோன் என்பது சிலிகோன் வகை, பயப்பட வேண்டாம். தேங்காயெண்ணெய், கோகோ பட்டர், ஐசோப்ரோப்பைல் மிரிஸ்டேட் இருந்தால் மரியாதையாகத் திருப்பி வைத்துவிடலாம். வாசனை தூக்கலாக இருந்தாலும் வேண்டாம். கர்ச்சீப்புக்கு சென்ட் போதும். சொதசொதவென்ற வெள்ளைக் களிம்பு வேண்டாம், ஜெல் அல்லது நீர்த்த லோஷன் போதும். விலைக்கும் குணத்துக்கும் சம்பந்தமில்லை.

தேங்காயெண்ணெய் என்றதும் அக்காவுக்குக் கோபம். "உங்கப்பாவுக்குப் பருவா வந்துது?" அவருக்கு வரவில்லைதான். ஆனால் இவன் நெற்றியில் மட்டும் மணிமணியாய் இருந்ததற்கு, தலையில் தடவியது வழிந்து இறங்கியதும் ஒரு காரணம் என்றார் டாக்டர். இப்போது குளிக்கிறதுக்கு முன்னால் மட்டும் எண்ணெய்.

வாங்கினதும் முகம் பூராவும் பூசிவிடவில்லை. தாடையோரம் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஒரு வாரம் தடவிப் பார்த்தான். அரிப்பில்லை, புதுப் பரு இல்லை. பிறகுதான் முகத்துக்கு. காலையும் ராத்திரியும் மென்மையான ஃபேஸ்வாஷ், ஒற்றித் துடைத்து, ஈரம் லேசாக இருக்கும்போதே பட்டாணியளவு. பகலில் வெளியே போனால் அதற்கு மேல் ஸன்ஸ்க்ரீன். அதற்கும் இதே டப்பாப் பரீட்சைதான்.

ஒரே நஷ்டம், அக்காவின் நீலத் தலையணை உறை. பென்ஸாயில் பெராக்ஸைடு பட்ட இடமெல்லாம் வெளுத்து, மேகம் மிதக்கிற வானம் மாதிரி ஆகிவிட்டது. வெள்ளை உறை வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்று மாசமாயிற்று. எல்லாம் போய்விட்டதென்று சொன்னால் பொய். தாடையில் இரண்டு பாக்கி, கன்னத்தில் தழும்பு கொஞ்சம். போன ஞாயிற்றுக்கிழமை நானே கூட்டிக்கொண்டு போக, போட்டோ எடுத்துக்கொண்டான். ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் அந்த இரண்டையும் அழிக்கப் போனார். "விட்டுடுங்கண்ணே" என்றான் பையன். "அவங்க நேர்ல பார்க்கறப்ப அடையாளம் தெரிய வேணாமா?"