உலர்ந்த கிளையும் ஒரு சீட்டும்

தாவரங்களை உலர்த்தித் தாளில் ஒட்டிக் காக்கும் ஹெர்பேரியத்தைக் காண்போருள் சிலர், “இச்சருகுகளால் ஆம் பயன் என்னை? நிழற்படம் ஒன்று போதாதோ?” என வினவுவர். போதாது என்பதே எம் கருத்து.

ஊசியிலை மரங்களைப் பதிவு செய்தல் எளிய தொழிலன்று. உலருங்கால் சிலவற்றின் ஊசிகள் உதிர்ந்துபோம். பருத்த கூம்புகளோ தாளில் அடங்கா. அவற்றைத் தனிப்பெட்டியில் இட்டு, கிளைக்குரிய எண்ணையே அவற்றிற்கும் இடல் வேண்டும். எடுத்த இடம், நாள், எடுத்தவர் பெயர், மரத்தின் உயரம், பட்டையின் இயல்பு ஆகிய யாவும் சீட்டில் எழுதப்பெறல் வேண்டும். எண் மாறுமாயின், ஒரு மரத்தின் கூம்பு மற்றொரு மரத்தின் கிளைக்கு உரியதாய்விடும்.

இத்துணை உழைப்பு எதன்பொருட்டு? சீன நாட்டு மெட்டாசெக்கோயா மரத்தின் வரலாறே விடை கூறும். 1941-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் மிகி என்பார், புதைபடிவங்களைக் கொண்டு இவ்வினத்திற்குப் பெயரிட்டார். உயிருள்ள மரம் ஒன்றும் அன்று அறிவியலார்க்குத் தெரிந்திலது. 1943-இல் வாங் சான் என்னும் வனவியலார், இன்று ஹூபே மாகாணத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூரில் வியத்தகு மரம் ஒன்றைக் கண்டு, அதன் கிளையும் கூம்பும் கொணர்ந்தார். முன்னரே அறியப்பட்ட நீர்ப்பைன் என்று அதற்குப் பெயர் குறிக்கப்பட்டது. பெயர் பிழையே, ஆயினும் பொருள் அழியாதிருந்தது. பின்னர் அதனை நோக்கிய செங் வான்-சுன், கூம்பின் செதில்கள் எதிரெதிராய் நிற்றல் கண்டு, இது வேறு மரம் எனத் துணிந்தார். 1946-இல் மீண்டும் மாதிரிகள் எடுப்பித்தார். ஹூ சியன்-சூ என்னும் அறிஞர் அவற்றை ஆராய்ந்து, மிகி பெயரிட்ட இனமே இது என்று தெளிந்தார். 1948-இல் இருவரும் இம்மரத்தை உலகிற்கு முறைப்படி அறிவித்தனர்.

இதனால் அறியக்கிடப்பது யாது? ஹெர்பேரியத்தின் பெருமை, சீட்டிலுள்ள பெயர் பிழையற்றது என்பதன்று. பிழை நேரின் அதைத் திருத்துதற்குச் சான்று கையில் உண்டு என்பதே. தமிழ் பயிலும் எமக்கு இது புதிதன்று. பாடத்தில் ஐயம் எழுந்தால் பதிப்பாசிரியர் ஏட்டுச்சுவடியையே நாடுவர். சுவடி ஒழிந்தால் பிழைபட்ட பாடமே மெய்ப்பாடமாய் நிலைத்துவிடும். நிழற்படத்தில் செதிலைப் புரட்டிப் பார்த்தல் கூடுமோ? அதனின்று மரபணுவைப் பிரித்தெடுத்தல் இயலுமோ?

ஆதலின், தாவரவியல் பயிலும் தோழர்காள், சீட்டெழுதும் பணியைச் சிறிதென எண்ணற்க. பின்வருவோர் நம்மைத் திருத்துதற்கு வழிவைத்துச் செல்லுதலும் கற்றார் கடனேயாம்.