எடைக்கு எடை!

நெல் கொடுத்து உப்பு வாங்கிய பண்டமாற்றை நாம் அறிவோம், தோழரே! ஆளைக் கொடுத்துக் கரி வாங்கிய பண்டமாற்றை அறிவீரா? கள்ளச்சந்தையில் அல்ல, இரு நாட்டு அரசுகள் கையொப்பமிட்டு நடத்திய வாணிபம் அது!

1946 ஜூன் 23. போர் ஓய்ந்த ஐரோப்பாவில் பெல்ஜியத்துக்குக் கரி வேண்டும். கரி வெட்டப் பாதாளத்தில் இறங்கவோ அந்நாட்டார் தயங்கினர். இத்தாலியிலே பசி இருந்தது, வேலை இல்லை. வாரம் 2,000 பேர் வீதம் 50,000 பேரை அனுப்ப இத்தாலி இசைந்தது; கரி விற்க பெல்ஜியம் இசைந்தது. இளஞ்சிவப்புச் சுவரொட்டிகள் கூலியைச் சொல்லின, விடுமுறையைச் சொல்லின, ஆழத்தில் காத்திருந்த ஆபத்தை மட்டும் சொல்லவில்லை! நம்பி வந்தோரில் பலருக்கு வாய்த்த இல்லம் எது? நேற்றுவரை போர்க்கைதிகள் கிடந்த கொட்டகை!

அவர்கள் இறங்கிய சுரங்கங்களுள் ஒன்று, சார்லெருவா நகரையடுத்த மார்சினெல் ஊரின் புவா டு காசியே. 1822இல் அரசாணை பெற்றுத் தோன்றியது. நூற்றாண்டுக்கு மேலாக உலைகளுக்குத் தீனி தந்தது. செல்வம் மேலே வந்தது. செல்வத்தைத் தோண்டியவன் கீழேயே இருந்தான்.

1956 ஆகஸ்டு 8 காலை, 275 பேர் கீழே இருந்தனர். 975 மீட்டர் ஆழத்தில் கரிவண்டி ஒன்று கூண்டுக்குள் முழுமையாக நுழையாமல் நீட்டிக்கொண்டு நின்றது. மேலிருந்தோருக்கும் கீழிருந்தோருக்கும் இடையே கருத்து மயக்கம், கூண்டு கிளம்பிவிட்டது! நீட்டிய வண்டி எண்ணெய்க் குழாயை உடைத்தது, மின்கம்பியை அறுத்தது, காற்றுக் குழாயையும் கிழித்தது. எண்ணெய், பொறி, காற்று: தீக்கு வேறென்ன வேண்டும்? மூச்சுக்குக் காற்று தந்த வழியே நச்சுப்புகையைச் சுமந்து சென்றது. இரும்பு வாயிலைப் பற்றி நின்ற தாய்மாரும் மனைவிமாரும் இரண்டு வாரம் காத்திருந்தனர். மீண்டவர் 13 பேர். மாண்டவர் 262 பேர்: இத்தாலியர் 136, பெல்ஜியத்தார் 95, மற்றையோர் வேறு பத்து நாட்டவர். சாவு எந்த நாட்டான் என்று கேட்கவில்லை, தோழரே. உழைப்பாளியா என்று மட்டுமே கேட்டது!

நீதி என்ன செய்தது? 1959இல் குற்றம் சாட்டப்பட்ட அனைவரும் விடுதலை! 1961இல் மேல்முறையீட்டில் ஒரே ஒருவருக்கு ஆறு மாதச் சிறை, அதுவும் நிறுத்தி வைக்கப்பட்டது. உடன் ஒரு சிறு அபராதம். சுரங்கப் பாதுகாப்புக்கென ஐரோப்பிய நிலக்கரி எஃகுச் சமூகம் நிலையான குழு அமைத்தது, எப்போது? 1957இல், பிணங்களை எண்ணி முடித்த பிறகு!

அச்சுரங்கம் மறுபடி கரி தந்தது, 1967இல் ஓய்ந்தது. பாழடைந்த அவ்விடம் அழிந்துவிடாமல் காக்கப் பழைய தொழிலாளரே குரல் கொடுத்தனர். 1990இல் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக்கியது. 2002இல் அருங்காட்சியகம் திறந்தது. 2012இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலிலும் ஏறிற்று. ஆகஸ்டு 8 தோறும் அங்கே மணி ஒலிக்கிறது: மாண்டவருக்கு ஒன்றாக, 262 முறை!

நினைவு நன்று, நினைவைக் காத்தவர் போற்றத்தக்கவர். ஆயினும், தோழரே, எங்கேனும் உழைப்பாளி குழியில் இறங்குகையில் இக்கணக்கை நெஞ்சில் நிறுத்துங்கள். மாண்டபின் 262 முறை ஒலிக்கும் மணியினும், மாளுமுன் ஒரே ஒரு முறை ஒலிக்கும் எச்சரிக்கை மணி மேலானது! அம்மணியைக் கேட்டுப் பெறுவது இரக்கம் அன்று, உரிமை!