ஹாஃப்கினின் கையும் பைகுல்லா கைதிகளும்

‘தன் உடலிலேயே சோதித்துப் பார்த்தார்’ என்று ஓர் அறிவியலாளரைப் பற்றிச் சொன்னால் போதும். அதற்குமேல் எவரும் சான்று கேட்பதில்லை. துணிவுக்குரிய மரியாதையை முடிவுக்கும் சேர்த்துக் கொடுத்துவிடும் இப்பழக்கம் மருத்துவ வரலாற்றை வீரக்கதையாக்கிக் கெடுத்திருக்கிறது.

1892ஆம் ஆண்டு ஒன்றே போதும். ஜூலையில், பாரிஸில், வால்டெமர் ஹாஃப்கின் தாம் உருவாக்கிய காலரா தடுப்பூசியைத் தமக்கே செலுத்திக்கொண்டார். காய்ச்சல் வந்தது, தணிந்தது. அக்டோபரில், மியூனிக்கில், மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் காலராக் கிருமி நிறைந்த திரவத்தைக் குடித்தார். கிருமி மட்டும் நோயைத் தராது, மண்ணும் நிலத்தடி நீரும் இசைய வேண்டும் என்பது அவர் கொள்கை. ராபர்ட் கோக்கை மறுக்கவே குடித்தார். எழுபதைக் கடந்த அம்முதியவருக்கு இலேசான வயிற்றுப்போக்கோடு போயிற்று. தம் கொள்கை வென்றதென்றே கருதினார். அதே ஆண்டு ஹாம்பர்க்கில், வடிகட்டாத எல்பே ஆற்றுநீரைக் குடித்தோரில் 8,000க்கும் மேற்பட்டோர் காலராவில் மாண்டனர். அதை ஒட்டியிருந்த ஆல்டோனா, ஆற்றுநீரை மணலில் வடிகட்டிக் குடித்தது; அங்கே சாவு மிகக் குறைவு. இரண்டு ஊருக்கும் மண் ஒன்றுதான்.

இருவரும் துணிந்தனர், இருவரும் பிழைத்தனர். பெட்டன்கோஃபரின் உடல் சொன்னது பொய். ஹாஃப்கினின் உடலோ, ஊசி ஆளைக் கொல்லாது என்பதற்குமேல் எதையும் சொல்லவில்லை. 1984இல் கிருமிக் கரைசலைக் குடித்த பாரி மார்ஷலுக்கும் வந்தது இரைப்பை அழற்சியே, புண் அன்று. கிருமியை ஒழித்தால் புண் திரும்பாது என்பதைக் காட்டியவர்கள் பின்னால் வந்த நோயாளிகள். மேடையில் ஒரு மிடறு விழுங்கிக் காட்டி மருந்து விற்பவரிடம் ஏமாறும் கூட்டத்தை எள்ளி நகையாடும் படித்தவர்கள், ஆய்வுக்கூடத்தில் அதே காட்சி நடந்தால் கைதட்டுகிறார்கள்.

1897 ஜனவரி 10 அன்று, பம்பாயில், பிளேக் தடுப்பூசியையும் ஹாஃப்கின் முதலில் தமக்கே போட்டுக்கொண்டார். பாராட்டுரைகள் இவ்விடத்தில் நின்றுவிடுகின்றன. அம்மாத இறுதியில் பைகுல்லா சிறைக்குள் பிளேக் புகுந்தது. கைதிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஊசி போட்டுக்கொண்டனர்; மற்றவர்கள் போட்டுக்கொள்ளவில்லை. இரு சாராருக்கும் ஒரே சுவர், ஒரே சோறு. ஊசி போட்டோரிடையே நோயும் சாவும் தெளிவாகக் குறைந்திருந்தன. தடுப்பூசி காக்கும் என்பதற்குச் சான்று கிடைத்தது அங்கேதான். அதற்கு ஊசி போட்டவர்கள் எவ்வளவு தேவைப்பட்டார்களோ, போடாதவர்களும் அவ்வளவு தேவைப்பட்டார்கள்.

கைதிகள் தாமே முன்வந்தனர் என்பது பதிவு. அயலார் ஆட்சியின் சிறையில், அதிகாரி எதிரே நின்று கேட்கையில், மறுத்துச் சொல்ல ஒரு கைதிக்கு எவ்வளவு இடம் இருந்திருக்கும்? ஹாஃப்கின் தம் ஊசியை எந்தக் கணத்திலும் கீழே வைத்திருக்கலாம். ஏன் வைத்தாய் என்று கேட்க யாருமில்லை. தன்மேல் போட்டுக்கொண்டவருக்குப் பிறர்மேல் போடும் உரிமையும் வந்துவிடுகிறது என்று வாதிடுவோர் இந்த வேறுபாட்டைத்தான் மறைக்கிறார்கள். பரேலில் உள்ள ஆய்வு நிறுவனம் 1925 முதல் ஹாஃப்கின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தகும். ஆனால் அவர் கதையைச் சொல்வோரில் பலருக்கு, ஊசியின்றி அந்தச் சிறைக்குள் இறந்தவர்கள் பெயரற்ற ஓர் எண்ணிக்கை மட்டுமே.