சுடுமுன் சங்கு ஊது!

2012 சூலை 16. துபாய் அருகே மீன்பிடிப் படகொன்றின் மீது அமெரிக்கக் கடற்படையின் எண்ணெய்க் கப்பல் 'ராப்பகானக்' இயந்திரத் துப்பாக்கியால் சுட்டது. பிழைப்புத் தேடிச் சென்ற இராமநாதபுரம் மாவட்டத் தோழர் ஒருவர் மாண்டார். மூவர் காயமுற்றனர். எச்சரித்தும் படகு விலகவில்லை என்றது அமெரிக்கா. எச்சரிக்கையே இல்லை என்றனர் பிழைத்தவர்கள்.

அதற்கு ஐந்து மாதம் முன்பு, பிப்ரவரி 15-இல், கேரளக் கடலில் 'என்ரிகா லெக்சி' என்ற எண்ணெய்க் கப்பலின் காவலுக்கு நின்ற இத்தாலிய வீரர்கள், கொள்ளையர் என்று எண்ணிச் சுட்டனர். இரண்டு மீனவர் பிணமாயினர். ஒருவர் குமரி மாவட்டத்தவர்.

கப்பல் தன்னைக் காத்துக்கொள்வது குற்றமா? அல்லவே அல்ல! இந்தியா வந்த ரோமானியக் கப்பல்கள் கொள்ளையருக்கு அஞ்சி வில்லாளிகளை ஏற்றிவந்ததாகப் பிளினி எழுதினார். சோமாலியக் கொள்ளை பெருகியபோது கப்பலைச் சுற்றி முள்கம்பி கட்டினர், தண்ணீர் பீய்ச்சினர், மாலுமிகள் உள்ளே பூட்டிக்கொள்ள அறை அமைத்தனர். இவை எந்த ஏழையையும் கொல்லவில்லை. துப்பாக்கி கொன்றது.

ஏன்? 2010-இல் கப்பல் முதலாளிகள் தங்கள் 'ஆபத்துக் கடல்' எல்லையைக் கிழக்கே 78 பாகை வரை நீட்டினார்கள். நம் மேற்குக் கரையே அதற்குள் அடங்கிற்று! மீன் பிடிக்கும் இடம் கொள்ளையர் இடமாயிற்று. வலை வீசுபவன் சந்தேகத்துக்குரியவன் ஆனான். 2015 டிசம்பரில்தான் கோட்டை 65 பாகைக்கு இழுத்தார்கள்.

பீரங்கி வைத்திருப்பவனே கொள்ளையன் யார் என்று தீர்மானிப்பது புதிதல்ல. போர்த்துகீசியரிடம் சீட்டு வாங்காமல் சென்ற கப்பல் அன்று பறிமுதலுக்கு உரியது. அந்த ஆதிக்கத்தை எதிர்த்த மரக்காயர் கலப்படையை அவர்கள் 1538-இல் முறியடித்த இடம், மண்டபத்துக்கு அருகிலுள்ள நம் வேதாளை!

நீதியாவது கிடைத்ததா? இத்தாலிய வீரர்களை விசாரிக்க இந்தியாவுக்கு அதிகாரமில்லை என்று 2020-இல் பன்னாட்டுத் தீர்ப்பாயம் கூறிற்று. இத்தாலி 10 கோடி ரூபாய் கொடுத்தது. 2021-இல் உச்சநீதிமன்றம் வழக்கை முடித்தது. பணம் வந்தது. விசாரணை வரவில்லை.

2023 டிசம்பரில் 'ரூயன்' கப்பல் கடத்தப்பட்டது முதல் சோமாலியக் கொள்ளை மீண்டும் தலைதூக்கியிருக்கிறது. 2024 மார்ச்சில் அக்கப்பலை மீட்டு, 17 மாலுமிகளைக் காப்பாற்றியது இந்தியக் கடற்படை. பாராட்டுவோம். ஆனால் கொள்ளை வளர்ந்தால் கூலித் துப்பாக்கிகளும் வளரும். டில்லி அரசு இப்போதே உலக அரங்கில் வற்புறுத்தட்டும்: முதலில் சங்கு, விளக்கு, வானொலி, பிறகு திசைமாற்றம், துப்பாக்கி கடைசி. சுட்டவன் எக்கொடியின் கீழ் நின்றாலும், இறந்தவன் நாட்டில் விசாரணை.

கப்பலில் உள்ள மாலுமியும் தொழிலாளி. படகில் உள்ள மீனவனும் தொழிலாளி. ஒருவனைக் காக்க மற்றவனைக் கொல்லும் காவல், காவலாகுமா?