கடைசியில் மாறியதுதான் பெயர்

மூன்று வாரங்களுக்கு முன்பு, எங்கள் பலதுறைத் தொழிற்கல்லூரியின் தமிழ் மன்றக் கூட்டத்தில் ஒரு யோசனை எழுந்தது. மன்றத்தின் பெயரை மாற்ற வேண்டுமாம். ‘தமிழ் மன்றம்’ என்றாலே பட்டிமன்றமும் பேச்சுப் போட்டியும்தான் நினைவுக்கு வருகின்றனவாம். ‘தமிழ்’ என்ற சொல் இல்லாத, நவீனமான பெயர் வைத்தால் முதலாண்டு மாணவர்கள் வந்து சேருவார்களாம். துணைத் தலைவர் உதாரணமும் காட்டினார்: “டங்கின்கூட ‘டோனட்ஸ்’ என்பதை எடுத்துவிட்டதே!”

சந்தைப்படுத்துதல் படிக்கும் எனக்கு அந்த உதாரணம் உறுத்தியது. டங்கின் கதை அவர் சொன்னதற்கு நேர் எதிரானது.

அந்த நிறுவனத்தைத் தொடங்கிய வில்லியம் ரோசன்பெர்க் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரத் தொழிற்சாலைகளில் வண்டி வைத்து உணவு விற்றார். கணக்குப் பார்த்தபோது, வருமானத்தில் ஏறக்குறைய 40 விழுக்காடு காப்பியிலிருந்தும் டோனட்டிலிருந்தும் மட்டுமே வந்தது தெரிந்தது. அந்த இரண்டையும் நம்பி 1948ல் குவின்சி நகரில் ‘ஓப்பன் கெட்டில்’ என்ற கடையைத் திறந்தார். 1950ல் அது ‘டங்கின் டோனட்ஸ்’ ஆனது. டோனட்டைக் காப்பியில் தோய்த்துச் சாப்பிடுவதைக் குறிக்கும் பெயர் அது. ஆக, பெயர்ப் பலகையில் டோனட் இருந்தாலும் காப்பியும் அதற்குள் தொடக்கத்திலிருந்தே ஒளிந்திருந்தது.

1980களில் அமெரிக்கர்கள் அறிந்த டங்கின் முகம், விளம்பரத்தில் வரும் ‘ஃபிரெட்’ என்ற ரொட்டிக்காரர். விடியும் முன்பே தூக்கக் கலக்கத்தோடு எழுந்து டோனட் சுடப் போவார். 1997ல் அவருக்கு ஓய்வு கொடுத்தபோது நிறுவனம் இலவச டோனட் வழங்கி வழியனுப்பியது. 2006ல் வந்த முழக்கமோ ‘அமெரிக்கா டங்கினில் ஓடுகிறது’. அதில் டோனட் என்ற சொல்லே இல்லை. அவசரமாக வேலைக்குப் போகிறவரின் கையில் இருக்கும் காப்பிக் குவளைதான் புதிய முகம்.

2018ல் அமெரிக்காவில் அதன் விற்பனையில் சுமார் 60 விழுக்காடு பானங்கள். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் அதே குவின்சியில் குளிர் பானக் குழாய்களும், கைப்பேசியில் முன்பதிவு செய்தவர்களுக்குத் தனி வாகனத் தடமும் கொண்ட மாதிரிக் கடை திறக்கப்பட்டது. இவ்வளவுக்கும் பிறகுதான், 2019 ஜனவரியில், ‘டோனட்ஸ்’ அதிகாரபூர்வமாக விடைபெற்றது. அப்போதும் இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிறங்களையும் அந்தக் கொழுத்த எழுத்துகளையும் அவர்கள் தொடவில்லை. டோனட் விற்பதையும் நிறுத்தவில்லை.

எல்லாமே எனக்குப் பிடித்த மாற்றம் என்று சொல்லமாட்டேன். பல கடைகளுக்கு இப்போது டோனட் மையச் சமையற்கூடத்திலிருந்து வருகிறது. ஃபிரெட் பார்த்தால் வருந்துவார். ஆனால், பெயர் பொய் சொல்லவில்லை. வாடிக்கையாளர் எதை வாங்கினாரோ அதைப் பின்தொடர்ந்துதான் அது மாறியது.

எங்கள் மன்றத்தில் என்ன மாறியிருக்கிறது? அதே மூன்று நிகழ்ச்சிகள், முன்வரிசையில் அதே முகங்கள். ஆனால், புதன்கிழமை மாலையில் உணவகத்தின் மூலை மேசைக்கு வந்து பாருங்கள். மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குத் தமிழும் ஆங்கிலமும் கலந்து கணக்கியல் சொல்லிக்கொடுப்பார்கள். வேலைப் பயிற்சி நேர்காணலுக்குத் தயார்செய்வார்கள். சில நாள்களில் நாற்காலி போதாது. இது மன்றத்தின் நிகழ்ச்சி அட்டவணையில் இல்லை. யாரும் அறிவித்துத் தொடங்கியதும் இல்லை.

இதைத்தான் கூட்டத்தில் சொன்னேன். பெயர் மாற்றத்துக்கான வாக்கெடுப்பு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது. துணைத் தலைவருக்கு என்மீது கொஞ்சம் வருத்தம்தான். அதற்குள் கடந்த ஈராண்டு வருகைப் பதிவுகளைத் தொகுத்துத் தரும்படி செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். புதன்கிழமை மேசைக்கு வருகிறவர்களை நானே எண்ணத் தொடங்கிவிட்டேன். சென்ற வாரம் 23 பேர்.