மொழியாய்வைக் கூறுபோட்டவர் யார்?

"மொழியென்பது கருத்தை அறிவிக்கும் கருவியே, எந்த மொழியானால் என்ன, பிழைப்பு நடந்தால் போதாதா?" எனப் பேசித் திரிவார் தமிழ்நாட்டில் பலர். படித்தவர் நடுவிலேயே இப்பேச்சு மிகுதி. மொழியை ஆயும் எந்த அறிவுத்துறையின் வாயிலையும் இவர்கள் மிதித்ததில்லை என்பதற்கு இப்பேச்சே சான்று.

மருத்துவத்துறை கூறுவதை முதலிற் கேட்கட்டும். 1861-இல் பாரிசு நகரத்து மருத்துவர் புரோக்கா, பேச்சிழந்து வாழ்ந்து இறந்த ஒருவனின் மூளையை ஆய்ந்து, அதன் இடப்பக்க முன்மடலில் சிதைவு கண்டார். மொழி, வேண்டும்போது எடுத்து வேண்டாதபோது எறியும் கருவியன்று; மாந்தனின் உடலோடும் உள்ளத்தோடும் ஒன்றியது.

பழந்தமிழர் மொழியை வாழ்வினின்று பிரித்துப் பார்த்தாரில்லை. தொல்காப்பியர் எழுத்து, சொல், பொருள் மூன்றையும் ஒரே நூலுள் வைத்தார். நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்ற காற்று, நாவும் பல்லும் இதழும் மூக்கும் அண்ணமும் உற ஒலியாகும் முறையைக் கூறியவர் அவரே. நிலம், பொழுது, உணவு, தொழில், உள்ள உணர்வு என வாழ்வை வகுத்தவரும் அவரே. ஒலியியல், மொழியியல், மாந்தவியல், உளவியல் என இன்று பலவாய்ப் பிரிந்து நிற்கும் துறைகள் தொடும் பொருள்களை அவர் ஒருங்கே நோக்கினார்.

இன்றைய நிலை என்ன? இலக்கியம் தமிழ்த்துறைக்கு, கல்வெட்டு தொல்லியலார்க்கு, ஒலி மொழியியலார்க்கு, மூளை மருத்துவர்க்கு! தமிழறிந்தார்க்கு அறிவியல் எட்டவில்லை. அறிவியல் அறிந்தார்க்குத் தமிழ் எட்டவில்லை.

இப்பிரிவினைக்குத் தமிழினம் கொடுத்த விலை சிறிதன்று. மதுரையை அடுத்த மாங்குளத்துக் குகைக் கல்வெட்டுகளை 1882-இல் இராபர்ட் சீவெல் கண்டறிந்தார். அத்தகைய குகை எழுத்துகளைப் பாகதமெனக் கருதிப் படிக்க முயன்றோர் பொருள் காணாது தடுமாறினர். 1924-இல்தான் கே.வி. சுப்பிரமணிய ஐயர், தமிழுக்கேயுரிய ஒலிகளைக் குறிக்கும் எழுத்துகளை அவற்றுள் அடையாளங் கண்டு, அவை தமிழே என நாட்டினார். இடையில் 42 ஆண்டுகள்! கல்லில் தமிழ் இருந்தது. கற்றவர் கண்ணில் தமிழ் இல்லை.

துறைகள் கைகோத்தால் விளையும் பயனுக்கும் சான்றுண்டு. கரூரை அடுத்த புகழூர் மலைக் கல்வெட்டை 1965-இல் படித்த ஐராவதம் மகாதேவன், அதிற் காணும் மூன்று தலைமுறை இரும்பொறை மரபினரைப் பதிற்றுப்பத்துச் சேரரோடு பொருத்திக் காட்டினார். கல்லும் பாட்டும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. பழந்தமிழ்ப் பாட்டெல்லாம் வெறுங்கற்பனை என்பார்க்கு அதுவே விடை.

ஆயினும், தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் எங்கே கிடந்தன? நடுவணரசின் கல்வெட்டுத் தலைமை அலுவலகம் 1966-இல் உதகையினின்று மைசூருக்குப் பெயர்ந்தது. படிகளும் உடன் பெயர்ந்தன. அவற்றைச் சென்னைக்குக் கொணருமாறு உயர்முறைமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது 2021-இல்! அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழ்த்துறைகள் என் செய்துகொண்டிருந்தன? பாட்டுக்கு உரை சொல்லிப் பட்டம் வழங்கிக்கொண்டிருந்தன.

இனியேனும் விழிப்பு வேண்டும். தமிழ் பயிலும் ஒவ்வொரு மாணவனும் கல்வெட்டைப் படிக்கவும் ஒலியை ஆயவும் பயிற்றப்பட வேண்டும். மாந்தவியலும் உளவியலும் மூளை நரம்பியலும் தமிழிலேயே கற்பிக்கப்பட வேண்டும். அவ்வாறன்றித் தமிழ்த்துறை இலக்கியத் திண்ணையாகவே கிடக்குமாயின், தமிழின் பிறப்பையும் அகவையையும் அயலாரே தீர்ப்பர். தமிழர் அத்தீர்ப்பைக் கேட்டுத் தலைகுனிந்து நிற்பர்.

சான்று கையிலிருந்தும் அதைப் படிக்கத் தெரியாத இனம், தன் வழக்கில் தானே தோற்கும். தமிழினம் தோற்றற்குரியதன்று. கல்லும் சொல்லும் ஒலியும் உள்ளமும் ஒருங்கே கற்க எழுக!