முதலில் தண்ணீரை வளர்ப்போம்!



மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுத்தர வேண்டுமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். வேண்டாம்தான். குளத்திலும் ஆற்றிலும் வாழும் மீனுக்கு நம் உதவி எதுவும் தேவையில்லை. ஆனால் அந்த மீன் நம் வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்குள் வந்துவிட்டால் கதையே வேறு. அது சுவாசிக்கும் ஆக்சிஜன், உண்ணும் உணவு, இருக்கும் இடத்தின் சுத்தம் எல்லாமே நம் பொறுப்பாகிவிடுகிறது.

விடுமுறை வந்தாலே பல வீடுகளில் "அப்பா, மீன் தொட்டி வாங்கித் தாங்க" என்ற குரல் கேட்கும். காலையில் தொட்டி வாங்குவோம். மதியம் தண்ணீர் நிரப்புவோம். மாலைக்குள் பத்து மீன்கள் நீந்தத் தொடங்கிவிடும். மூன்றாம் நாள் ஒரு மீன் செத்து மிதக்கும். அடுத்த வாரம் இன்னும் இரண்டு. "மீன் என்றால் அப்படித்தான், சீக்கிரம் செத்துப்போகும்" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் கடைக்குப் போவோம்.

நாய்க்குட்டி ஒன்று மூன்று நாளில் இறந்தால் இப்படிச் சொல்வோமா? மீன் குரைக்காது, அழாது. அதனால்தான் அதன் கஷ்டம் நமக்குத் தெரிவதில்லை. உண்மையில் கப்பி மீன் ஓரிரு ஆண்டுகள் வாழும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் கோல்டு பிஷ் பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழும். அப்படியானால் மூன்றாம் நாளே ஏன் சாகிறது?

காரணம், கண்ணுக்குத் தெரியாத ஒரு நஞ்சு. அதன் பெயர் அம்மோனியா. மீன் தன் உடலின் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீவனம் அழுகினாலும் அம்மோனியா உண்டாகும். பெரிய ஏரியில் அது கரைந்து போகும். சின்னத் தொட்டியில் எங்கே போகும்? அங்கேயே சேர்ந்து, மீனின் செவுளைப் புண்ணாக்கும். தண்ணீர் பளிங்கு போலத் தெளிவாக இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் மீனுக்கு மூச்சு முட்டும்.

இந்த நஞ்சை அகற்ற இயற்கையிலேயே துப்புரவுப் பணியாளர்கள் இருக்கிறார்கள். அறிவியல் பாடத்தில் நைட்ரஜன் சுழற்சி படித்திருப்பீர்களே, அதில் வரும் பாக்டீரியாக்கள்தான் அவர்கள். ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டினால் தீங்கு மிகக் குறைவு. செடிகள் அதை உரமாக எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை நாம் தண்ணீர் மாற்றி வெளியேற்றிவிடலாம்.

புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் போதுமான அளவு இருக்காது. பில்டரின் ஸ்பாஞ்சிலும் கற்களிலும் அவை பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்குள் பத்து மீன்களை விட்டால், கழிப்பறை கட்டி முடிக்காத வீட்டில் பத்துப் பேரைக் குடிவைத்த மாதிரிதான்!

எனவே தொட்டியை வாங்கியதும் தண்ணீர், கற்கள், செடி, பில்டர் எல்லாவற்றையும் தயார் செய்து ஓட விடுங்கள். தினமும் ஒரு சிட்டிகை தீவனம் மட்டும் போடுங்கள். அது அழுகி, பாக்டீரியாக்களுக்கு உணவாகும். ஏற்கெனவே நல்ல நிலையில் தொட்டி வைத்திருக்கும் நண்பர் இருந்தால், அவருடைய பில்டரிலிருந்து பழைய ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள். அதைப் போட்டால் வேலை சீக்கிரம் நடக்கும். பிறகு கடையில் கிடைக்கும் சோதனை மருந்தால் தண்ணீரைப் பாருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று காட்டினால் இரண்டு, மூன்று மீன்கள் மட்டும் வாங்கி விடுங்கள். மற்றவை மெல்ல மெல்ல வரட்டும்.

காத்திருப்பது கஷ்டம்தான். ஆனால் இந்தப் பொறுமைதான் மீன் வளர்ப்பில் முதல் பாடம்.

1850ஆம் ஆண்டுவாக்கில் லண்டனைச் சேர்ந்த ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் இதே பாடத்தைப் படித்தார். ஒரு தொட்டியில் இரண்டு சிறிய கோல்டு பிஷ்களையும், வாலிஸ்னேரியா என்ற நீர்த்தாவரத்தையும் வைத்தார். சிறிது காலத்தில் செடியின் பழைய இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. அவர் மீனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது மீன் வாங்கவில்லை. குளத்தில் என்ன நடக்கிறது என்று யோசித்தார். சில குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகியதைத் தின்றன, தண்ணீர் தெளிந்தது. ஒரு தொட்டி என்பது மீன் மட்டுமல்ல, ஒரு குட்டிக் குளம் என்பதை அவர் காட்டினார்.

உங்கள் குட்டிக் குளத்துக்கு என்னென்ன தேவை? சில விஷயங்களை மனதில் வையுங்கள்.

தொட்டி பெரிதாக இருந்தால் வேலை எளிது. உருண்டைக் கிண்ணம் அழகாக இருக்கும், ஆனால் மீனுக்கு அது சிறை. இரண்டு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் உள்ள தொட்டியில் சுமார் 56 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 56 கிலோ! அதனால் ஆடாத, உறுதியான மேஜை மீது, நேரடி வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் கலந்திருந்தால் அது மீனையும் கொல்லும், நல்ல பாக்டீரியாவையும் கொல்லும். வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். சற்று உப்பான போர்வெல் தண்ணீர் என்றால் கப்பி, மோலி போன்ற மீன்கள் ஏற்றவை.

தீவனத்தை இரண்டு நிமிடங்களுக்குள் தின்று தீர்க்கும் அளவுக்கு மட்டும் போடுங்கள். தொட்டி அருகே போனாலே மீன் ஓடி வரும். பசி என்று நினைத்து அள்ளிப் போடாதீர்கள். பட்டினியால் சாகும் தொட்டி மீன்களைவிட, நாம் அதிகம் போட்ட தீவனத்தால் சாகும் மீன்களே அதிகம்.

வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். "நன்றாகச் சுத்தம் செய்கிறேன்" என்று எல்லாத் தண்ணீரையும் கொட்டிவிட்டு, சோப்பு போட்டுக் கழுவாதீர்கள். ஸ்பாஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் எல்லாம் போய்விடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை லேசாகப் பிழிந்தால் போதும். தொட்டிக்குள் கை விடும் முன் பெரியவர்களைக் கூப்பிட்டு, மோட்டார் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் எடுக்கச் சொல்லுங்கள். ஈரக் கையால் அதைத் தொடவே கூடாது.

கோடைக்காலத்தில் கரண்ட் போனால் என்ன செய்வது? சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரைந்திருக்கும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஆபத்து. ஒரு டம்ளரில் தொட்டித் தண்ணீரை மொண்டு, டீக்கடையில் டீ ஆற்றுவது போலச் சற்று உயரத்திலிருந்து மெதுவாக ஊற்றிக்கொண்டே இருங்கள். காற்று கலக்கும். கரண்ட் வரும்வரை தீவனம் போட வேண்டாம்.

எந்த மீன் என்பதையும் யோசித்து வாங்குங்கள். சென்னையில் கொளத்தூர் போன்ற இடங்களில் வண்ண மீன் கடைகள் வரிசையாக இருக்கும்; எல்லாவற்றையும் வாங்கத் தோன்றும். ஆண் பைட்டர் மீன்கள் இரண்டை ஒன்றாக விட்டால் சண்டை போட்டுச் சாகும். கோல்டு பிஷ் ஒரு சாணுக்கு மேல் வளரும், கழிவும் அதிகம். புதிதாகத் தொடங்குபவர்களுக்குக் கப்பியும் பிளாட்டியும் நல்ல நண்பர்கள். அவை குட்டி போடும் மீன்கள் என்பதால், உங்கள் கண் எதிரிலேயே புதுக் குட்டிகள் நீந்துவதைப் பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று. வளர்க்க முடியவில்லை என்றால், "ஏரியில் விட்டுவிடுவோம், சுதந்திரமாக இருக்கட்டும்" என்று நினைக்காதீர்கள். கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கப்படும் 'டேங்க் கிளீனர்' மீன் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. யாரோ சிலர் இரக்கப்பட்டு விட்டதால், இன்று நம் நாட்டு ஏரிகளிலும் கால்வாய்களிலும் அது பெருகிக் கிடக்கிறது. அதன் முட்கள் மீனவர்களின் வலையைக் கிழிக்கின்றன; நம் ஊர் மீன்களின் உணவும் இடமும் பறிபோகின்றன. வளர்க்க முடியாத மீனை வாங்கிய கடையிலோ, வளர்க்கத் தெரிந்த நண்பரிடமோ கொடுத்துவிடுங்கள்.

பார்த்தீர்களா? மீன் வளர்ப்பது என்றால் பாதிக்கு மேல் தண்ணீரை வளர்ப்பதுதான். தண்ணீர் நலமாக இருந்தால் மீன் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். பேசத் தெரியாத ஓர் உயிர் நம்மை நம்பி வீட்டுக்குள் இருக்கிறது. அதற்கு என்ன வேண்டும் என்று அது கேட்காமலே தெரிந்து செய்பவர்தான் நல்ல வளர்ப்பாளர். பாட்டியிடமும், சின்னத் தம்பியிடமும், வாசலில் வந்து நிற்கும் பூனையிடமும்கூட இந்தப் பழக்கம் உங்களுக்குக் கைகொடுக்கும்.

இந்த விடுமுறையில் தொட்டி வாங்கப் போகிறீர்களா? சந்தோஷம்! முதல் ஒரு மாதம் மீன் இல்லாத தொட்டியைப் பார்த்து அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். உள்ளே கோடிக்கணக்கான பணியாளர்கள் வேலை செய்துகொண்டிருப்பது உங்களுக்குத் தெரியுமே!

அன்புடன்,
ஆசிரியர்